உடைச்சுப் பார்க்கிற உத்தியோகம்

கை தவறிப் பாத்திரத்தை உடைத்தால் சம்பளத்தில் பிடிக்கிற இந்த உலகத்தில், உடைப்பதற்கென்றே மாதாமாதம் சம்பளம் வாங்கியவள் நான்.

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அதில் பீங்கான் சாமான்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கிற லேபில் எனக்கு உதவியாளர் வேலை. என் பேர் பேச்சியம்மா, படித்தது எட்டாவது வரைக்கும். பிறந்தது நாகலாபுரம், வாக்கப்பட்டது கோவில்பட்டி. தொண்ணூற்றெட்டில் மூத்தவளைக் கயத்தாறில் கட்டிக் கொடுத்தோம். சின்னவனும் வேலை கிடைத்துத் திருப்பூர் போய்விட்டான். வீட்டில் நான், எங்க வீட்டுக்காரர், ஒரு சுவர்க்கடிகாரம், மூன்று பேர்தான் மிச்சம். அதில் கடிகாரம்தான் கொஞ்சம் பேசும். அந்தச் சமயத்தில் கழுகுமலை முருகன் பார்த்துக் கொடுத்த வேலை இது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு, 'நம்ம நாற்காலி நாளைக்கு இருக்குமா' என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போன அக்கா தங்கச்சிமாரே, அண்ணன் தம்பிமாரே! லெட்ஜர் எழுதினவர்கள், டைப் அடித்தவர்கள், டெலிபோன் ஆபீசில் ஒயரைச் செருகினவர்கள், எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நாமெல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் கிடந்தவர்கள்தான்.

முதல் துண்டு

வேலை இதுதான். லேபுக்குப் பொறுப்பான புரொபசர் சார் ஒரு வெள்ளை மாவு கொடுப்பார். அதை அச்சில் போட்டு அழுத்தினால் கடலை மிட்டாய் நீளத்துக்கு ஒரு கட்டை வரும். அதைக் கரண்டுச் சூளையில் வைத்துச் சுட்டால் கல் மாதிரி இறுகிவிடும். சுட்ட துண்டின் இரண்டு முனைகளையும் மெஷினில் இரண்டு தாங்கிகள்மேல் வைத்து, நடுவில் மேலேயிருந்து அழுத்த வேண்டும். எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று மீட்டர் காட்டும். அதை நோட்டில் எழுத வேண்டும். எழுதிவிட்டு அடுத்த துண்டு.

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உருண்டால்கூட நெஞ்சு பதறுகிறவள் நான். முதல் நாள் மெஷினைத் திருகத் திருக, உள்ளங்கை வேர்த்துவிட்டது. 'டப்'பென்று ஒரு சத்தம். துண்டு இரண்டாகப் போய் ஒரு பாதி என் காலடியில் விழுந்தது. "ஐயோ முருகா! தெரியாமச் செஞ்சுட்டேன், மன்னிச்சிருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் சங்கரபாண்டி அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒடையாம இருந்தாத்தாம்மா மன்னிப்புக் கேக்கணும். அப்போ மெசின்ல கோளாறுன்னு அர்த்தம்."

உடைந்ததற்கு சர்டிபிகேட்

எட்டயபுரம் ரோட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற ஒரு முதலாளி, மஞ்சள் பையில் பத்துக் கட்டைகளைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் சரக்கைக் கரண்டு ஆபீசில் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், உறுதியானது என்று ஒரு சர்டிபிகேட் வேண்டுமாம். சார் ஐந்தை என் கையில் கொடுத்தார். நான் ஐந்தையும் உடைத்தேன். ஒவ்வொன்றும் நல்ல பாரம் தாங்கித்தான் உடைந்தது. "உங்க சரக்கு ரொம்ப உறுதிங்க" என்று சார் சந்தோஷமாகச் சொன்னார்.

முதலாளி மேஜையில் கிடந்த உடைசலைப் பார்த்தார். பைக்குள் மிச்சமிருந்த ஐந்தைப் பார்த்தார். "அப்போ இந்த அஞ்சு?" என்றார். "அதுவும் இப்படித்தான் இருக்கணும். சந்தேகமா இருந்தா அதையும் உடைச்சுப் பார்க்கலாம்" என்றார் சார். முதலாளி பையை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"ஒடஞ்சதெல்லாம் உறுதிங்கீங்க, ஒடையாதது எப்படின்னு தெரியாதுங்கீங்க. நான் எதைச் சார் கொண்டுபோயி விக்க?"

கம்ப்யூட்டர் உடைத்த கதை

அந்தக் கேள்விக்குப் பதில்தான் எங்கள் லேபுக்கு வந்த கம்ப்யூட்டர். உடைக்காமலேயே அது சொல்லிவிடுமாம். அதற்குத் தனி ரூம், ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்ற ஒரு பலகை. கர்ப்பக்கிரகத்துக்கு இருக்கிற மரியாதை எல்லாம் இருந்தது, மணி மட்டும்தான் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஜெயந்தி என்று ஒரு பிள்ளை சேர்ந்தது. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. ஒல்லியாக, எப்போதும் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு இருக்கும்.

துண்டை ஜெயந்தி திரையில் வரையும். அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும். சூளையில் சுடும்போது மாவுக்குள் பொடி ஓட்டைகளும் கீறல்களும் விழும் இல்லையா, அதே மாதிரி இந்தப் படத்துக்குள்ளும் அங்கங்கே ஓட்டையைத் தூவும். பிறகு மேலேயிருந்து அழுத்துகிற மாதிரி கணக்குப் போடச் சொல்லும். பாரம் ஏற ஏற, திரையில் ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு பரவும். "பீங்கான் தன்னோட பலத்துல நிக்கிறதில்லக்கா. அதுல இருக்கிற மோசமான கீறல் எவ்வளவு தாங்க விடுதோ அவ்வளவுதான் நிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தது. எனக்கு அது டக்கென்று புரிந்தது. சித்திரை மாதம் எங்கள் கரிசல் காட்டில் வெடிப்பு ஒரு சின்னக் கோட்டில்தான் ஆரம்பிக்கும். அப்புறம் கன்றுக்குட்டி கால் உள்ளே போகிற அளவுக்கு வாயைப் பிளக்கும்.

ஆனால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு துண்டுக்குக் கணக்குப் போட்டு முடிக்கக் காலையிலிருந்து சாயங்காலம் ஆகும். நாலு மணிக்குக் கோவில்பட்டியில் கரண்டு போகும். போனால் மறுநாள் முதலிலிருந்து ஆரம்பம். தொடர்ந்து மூன்று நாள் இப்படி ஆனதும், அண்ணாச்சி ஏ.சி. ரூமுக்குள் தலையை நீட்டினார்.

"ஏட்டி ஜெயந்தி, எங்க பேச்சிக்கா ஒரு மணி நேரத்துல இருவது ஒடச்சிருதா. உன் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு ஒடைக்க மூணு நாளா?"

சூப்பிரண்டு சொன்ன ஆறுதல்

என் வேலை வருஷாவருஷம் புதுப்பிக்கிற வேலை. அந்த வருஷம் கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போனேன். சூப்பிரண்டு நல்ல மனுஷர், வாயில்தான் வடிகட்டி கிடையாது. "கம்ப்யூட்டர் சொல்றதும் நீங்க உடைச்சு எழுதுறதும் ஒத்துப்போச்சுன்னா, அப்புறம் உடைக்கிறதுக்குன்னு தனியா ஆள் எதுக்குன்னு மேல கேக்கிறாங்கம்மா" என்றார்.

சம்பளம் போவது ஒரு பக்கம். அதைவிட, காலையில் ஏழரைக்குத் தலை சீவி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏற ஒரு இடம் இருக்கிறதே, அது. 'பேச்சிக்கா எங்கே?' என்று நாலு பேர் தேடுகிறார்களே, அது. பெற்ற பிள்ளைகள் இரண்டும் தேடுகிற வயதைத் தாண்டிவிட்டன. என் முகம் போன போக்கைப் பார்த்து, சூப்பிரண்டு ஆறுதல் சொன்னார்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. ஜெயந்தியோட கணக்கு தப்பாவே வந்துக்கிட்டிருக்கிற வரைக்கும் உங்க வேலைக்கு நான் கேரண்டி."

கசகசா அளவு

அப்படியெல்லாம் இருந்தும், ஜெயந்திக்கு நான் உதவி செய்யத்தான் செய்தேன். படத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை தூவ வேண்டும் என்று தெரிய, உடைந்த துண்டின் முகத்தை லென்ஸில் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டும் கண் வலிக்கும். எனக்கு அரிசியில் கல் பொறுக்கின கண். நான் பார்த்துச் சொல்லுவேன், அது எழுதிக்கொள்ளும். "இதுல ரவை அளவு ஒண்ணு. ஓரத்துல கசகசால பாதி ஒண்ணு. இங்கன ஒரு கீறல், தலைமுடி கனத்துல."

ஒரு நாள் சார் அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். பக்கம் பக்கமாக ரவை, கசகசா, கடுகில் கால்வாசி. ஜெயந்தி துப்பட்டா நுனியை வாயில் வைத்துக்கொண்டது. நான் முருகனை நினைத்துக்கொண்டேன். சார் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பேச்சியம்மா, நாளைக்கு வீட்டுல இருந்து எல்லாத்துலயும் ஒரு ஸ்பூன் கொண்டு வாங்க. மைக்ராஸ்கோப்ல வச்சு அளந்துருவோம்."

வராத ஒன்று

இனிமேல்தான் நான் செய்த காரியம் வருகிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் காட்டில் எது விளைந்தாலும், அதில் நல்லதாக ஒன்றை எடுத்துச் சாமிக்கு வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவோம். கம்பு என்றால் ஒரு கதிர், பருத்தி என்றால் ஒரு சுளை. அந்தப் பழக்கத்தில், ஒவ்வொரு தடவை சூளை திறக்கும்போதும் நல்லதாக ஒரு துண்டைக் கழுகுமலை முருகனுக்கு எடுத்து வைத்துவிடுவேன். எது நல்லது என்று எப்படித் தெரியும்? பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிற மாதிரி, நகத்தால் தட்டிப் பார்ப்பேன். கீறல் உள்ளது 'டொக்'கென்னும். சுத்தமானது மணி மாதிரி 'ணங்'கென்னும். அந்த 'ணங்' முருகனுக்கு. தாளில் சுற்றி, எந்தத் தேதி சூளை என்று எழுதி, ஸ்டோர் ரூமில் அவர் படத்துக்குப் பின்னால் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவேன். பத்து போட்டால் ஒன்பது என்று நோட்டில் எழுதுவேன். சூளையில் ஒன்றிரண்டு வீணாவது உண்டு, அதனால் யாரும் கேட்டதில்லை.

ஜெயந்தியின் கம்ப்யூட்டர் கடைசியில் ஒருவழியாகக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தது. பத்துத் துண்டில் இத்தனை சீக்கிரம் உடையும், இத்தனை நடுத்தரம், ஒன்று மட்டும் ரொம்பக் கெட்டியாக நிற்கும் என்று. என் நோட்டில் சீக்கிரம் உடைந்தது சரியாக இருந்தது. நடுத்தரமும் சரியாக இருந்தது. அந்தக் கெட்டியான ஒன்று மட்டும் எந்தச் சூளையிலும் வரவில்லை. கணக்கில் தப்பு என்று அந்தப் பிள்ளை எட்டு மாதமாகத் தேடியது. ஓட்டையை மாற்றியது, கட்டத்தை மாற்றியது. அந்த மாசக் கடைசிக்குள் ஒத்துவராவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"பத்துல ஒண்ணுக்கா. எல்லாச் சூளையிலயும் அந்த ஒண்ணு மட்டும் எங்கக்கா போகும்?"

உப்பில்லாத குழம்பு

அந்த ஒன்று எங்கே போகும் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது. கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

சொன்னால் கணக்கு சரியாகும், பிள்ளைக்குப் பட்டம் கிடைக்கும், என் வேலை போகும். சொல்லாவிட்டால் என் வேலைக்கு சூப்பிரண்டு கொடுத்த கேரண்டி இருக்கிறது. முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். எப்போதும் நான்தான் கேட்பேன், அவர் சிரித்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவர் கேட்கிற மாதிரியும் நான் முழிக்கிற மாதிரியும் இருந்தது. இரண்டு நாள் இப்படியே ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில் எங்க வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவிய பேப்பரை மடித்து வைத்துவிட்டு, முழுக்கக் கேட்டாவிய.

"அதான் ரெண்டு நாளா குழம்புல உப்பு இல்லியா? போயி உள்ளதைச் சொல்லிட்டு வா. நாளைக்காவது வாய்க்கு ருசியாத் திம்போம்."

டப்பா திறந்தது

பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய் சார் மேஜையில் வைத்தேன். "சார், ஜெயந்தி கணக்குல தப்பு இல்ல. தப்பு என் நோட்டுல. சூளைக்கு ஒண்ணா நான் சாமிக்கு வச்சுட்டேன்" என்றேன். எப்படிப் பொறுக்குவேன், எப்படித் தட்டிப் பார்ப்பேன் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். டப்பாவில் இருபத்து மூன்று துண்டுகள். ஒவ்வொன்றிலும் தேதி.

சார் ஒரு துண்டை எடுத்து நகத்தால் தட்டினார். 'ணங்.' "எட்டு மாசம்!" என்றார். அவ்வளவுதான். ஜெயந்தி ஓடி வந்து என் கையைப் பிடித்தது. கோபத்தில் பிடித்ததா சந்தோஷத்தில் பிடித்ததா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வலித்தது. இதையெல்லாம் இப்போது மெஷினில் வைத்து உடைக்க வேண்டும். சார்தான் தயங்கினார், அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "சாமிக்கு வச்சதாச்சே, உடைச்சா தப்பில்லையா?" என்று அண்ணாச்சியிடம் கேட்டார். அண்ணாச்சி ஏற்கெனவே மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தேங்காயும் சாமிக்குத்தான் சார் கொண்டு போறோம். அங்கன போயி ஒடைக்கத்தான செய்யுதோம்?"

முருகன் வீட்டு உடைசல்

நானே உடைத்தேன். வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். எத்தனை எவ்வளவு தாங்கும் என்று கம்ப்யூட்டர் சொன்னதை ஜெயந்தி ஒரு தாளில் எழுதி, கவிழ்த்து வைத்திருந்தது. நான் ஒவ்வொன்றாக மெஷினில் வைத்து, 'முருகா' என்று சொல்லித் திருகினேன். மீட்டர் ஏறியது. வழக்கமாக உடைகிற இடத்தைத் தாண்டியும் ஏறியது. சில்லு தெறிக்குமென்று அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம்தான் உடைந்தது, துப்பாக்கி வெடித்த மாதிரி. இப்படியே வரிசையாக இருபத்திரண்டு. ஜெயந்தி தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டது.

கடைசியாக ஒன்று வைத்திருந்தேன். இருபத்து மூன்றில் அதுதான் ராஜா. தட்டினால் அரை நிமிஷம் ரீங்காரம் போடும். அதைப் பெருமையாக வைத்து, ஒரு சுற்றுத்தான் திருகினேன். பொசுக்கென்று போய்விட்டது. உள்ளே பார்த்தால், நடுவில் மிளகு அளவு ஒரு ஓட்டை. என் நகத்துக்கும் தெரியாமல், காதுக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது. அண்ணாச்சி உடைந்த பாதிகள் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

"யக்கா, முருகனுக்கே டூப்ளிகேட்டக் குடுத்திருக்கியே!"

பம்புக் கம்பெனிக்காரர்

ஜெயந்திக்குப் பட்டம் கிடைத்தது. லேபில் எல்லாருக்கும் அல்வா கொடுத்தது, எனக்கு இரண்டு பங்கு. நான் சிரித்துக்கொண்டே தின்றேன். மறுநாள் சூப்பிரண்டு கூப்பிட்டு அனுப்பினார். கணக்கு ஒத்துப்போய்விட்டது, கேரண்டி முடிந்தது, அடுத்த மாதத்தோடு வேலை இல்லை. நியாயம்தான். நான் செய்ததற்கு அவர் திட்டியிருக்கலாம், அதுகூடச் செய்யவில்லை. டிபன் பாக்ஸை வைக்கிற என் அலமாரியை அன்றைக்கே ஒழிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து ஒரு பம்புக் கம்பெனி இன்ஜினியர் வந்தார். பம்புக்குள் தண்ணீர் ஒழுகாமல் இருக்கப் போடுகிற பீங்கான் வளையம் எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பெரிய வேலை, வருஷக்கணக்கில் நடக்கிற வேலை. சார் அவரை ஏ.சி. ரூமில் உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டினார். வளையம் திரையில் சுழன்றது, சிவப்பானது, உடைந்தது. ஜெயந்தி அரை மணி நேரம் பேசியது. அவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். அவர் டம்ளரை எடுத்து, ஒரு வாய் குடித்து, திரையை இன்னொரு தடவை பார்த்தார்.

"படம் ரொம்ப நல்லாருக்குங்க. நீங்க இதை எத்தனை தடவை வேணும்னாலும் கம்ப்யூட்டர்ல உடைங்க, எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. ஆனா ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு ஆளை வச்சு நிஜமாவும் உடைச்சுக் காட்டினாத்தான் எங்க முதலாளி நம்புவாருங்க."

உடைக்காமலேயே பலத்தைச் சொல்லிவிடலாம் என்று ஊருக்கெல்லாம் நிரூபிப்பதற்காக, அதற்கப்புறம் இன்னும் ஒன்பது வருஷம் நான் உடைத்துக்கொண்டே இருந்தேன்.